தனிக்குடித்தனம் போன பாட்டு

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பாடுகிற பிள்ளை யாராவது உண்டா? உண்டானால், அடுப்பில் பால் இல்லாத நேரமாகப் பார்த்து இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பங்கு பிரிக்காத குடும்பம் எது? இதுவும் பங்குப் பிரச்னைதான். வயலுக்கும் நகைக்கும் பதிலாகப் பாட்டு, அவ்வளவே வித்தியாசம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எரியோடு ஸ்டேஷனைத் தாண்டிப் போன ரயிலின் சத்தம் அடங்குவதற்குள் என் மதினி வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தார். நான் "வாங்க மதினி" என்று சொல்லி முடிப்பதற்குள் முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தார். இரண்டு தங்க வளையல்கள்.

"ஏத்தா, இதைத் திண்டுக்கல்லுல அடகு வச்சுப் பணம் வாங்கிக் குடுன்னு கேக்குறான். அவங்கப்பாவுக்குத் தெரியக் கூடாதாம். ரெண்டு பாக்ஸு வாங்கணுமாம், மைக்கு வாங்கணுமாம். நல்லா நடந்துக்கிட்டிருந்த கோஷ்டிய விட்டுட்டு வந்துட்டு, இப்பப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கப் போறானாம். நீயே கேளு உன் மருமகனை!"

மருமகன் என்றால் என் அண்ணன் மகன்தான். வயது இருபத்து நான்கு. திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்தபோது நான்கு சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு பாட்டுக் கோஷ்டி ஆரம்பித்தான். ஒருவன் கிடார், ஒருவன் பாஸ் கிடார், ஒருவன் டிரம்ஸ், ஒருவன் கீபோர்டு. இவன் முன்னால் நின்று பாடுகிறவன். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுப் பாடுகிற இன்னிசைக் குழு அல்ல இது. தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடுவார்கள். இதற்கு 'இண்டி' என்று பெயராம். சினிமாக் கம்பெனியையோ பெரிய ரிக்கார்டுக் கம்பெனியையோ நம்பாமல் சொந்தக் காலில் நிற்பது என்று அர்த்தம். சொந்தக் கால் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குச் சோறு போட்டது மதினியின் கை.

ஆமாம், மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஐந்து பிள்ளைகளுக்கும் எங்கள் மதினி வீட்டில்தான் சாப்பாடு. மாடியில் தகரக் கொட்டகையில் அவர்கள் போடுகிற சத்தத்தில் கீழே பாத்திரம் ஆடும். மதினி அதையும் பொறுத்துக்கொண்டு கோழிக் குழம்பு வைப்பார். டிரம்ஸ் அடிக்கிற பிள்ளைக்குத் தாய் இல்லை. அவன் மட்டும் சமையற்கட்டிலேயே மணை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவான்.

இப்போது கோஷ்டி இரண்டாகிவிட்டது. காரணம் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மருமகன், "எல்லாருக்கும் பிடிச்ச மாதிரி பாடணும்னு சொல்றாங்க அத்தே. எனக்குச் சொல்ல வேண்டியது வேற" என்கிறான். மற்றவர்கள், "பேரு வர ஆரம்பிச்சதும் அவனுக்கு நாங்க வேண்டாதவங்களாயிட்டோம்" என்கிறார்களாம். கூட்டுக் குடும்பம் பிரியும்போது இதே இரண்டு வாக்கியங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மதினியை உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். "மதினி, உங்க பிள்ளை ஒண்ணும் உலகத்துல இல்லாத காரியத்தைச் செய்யலே" என்று ஆரம்பித்தேன். அன்று அவரிடம் சொன்னதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலிருந்தே தொடங்கலாம். 1918ஆம் வருஷம் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைச் சேர்த்து ஒரு நாடகக் கம்பெனி ஆரம்பித்தார். அதில் நடிக்கச் சேர்ந்த பிள்ளைகளில் டி. கே. எஸ். சகோதரர்களும் உண்டு. சில வருஷம் கழித்து அவர்கள் வெளியே வந்து, 1925இல் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா' என்று தங்கள் சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிந்து போனதனால் குருவை மறந்தார்களா? இல்லை. சுவாமிகளின் பெருமையை நாடறியச் செய்ததில் டி. கே. சண்முகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவ்வையாராக வேஷம் கட்டி 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் பெற்றவர் அவர். பிற்பாடு அந்த டி. கே. எஸ். சபாவிலிருந்தும் நடிகர்கள் வெளியேறினார்கள். எஸ். வி. சகஸ்ரநாமம் அப்படி வந்தவர்தான். பின்னாளில் அவர் 'சேவா ஸ்டேஜ்' என்ற தம் குழுவை நடத்தினார். ஒரு வாழையடியில் பக்கக் கன்று விடுவதைப் போலத்தான். கன்றைப் பெயர்த்து வைத்தால் தாய் மரம் பட்டுப் போகவேண்டும் என்று சட்டமா?

மின்சாரக் கிடார் வைத்துக்கொண்டு பாடும் ராக் கோஷ்டியிலும் இதே கதைதான். பக்கத்துக் கேரளத்தில், கொச்சியில், 1996இல் 'மதர்ஜேன்' என்று ஒரு கோஷ்டி தோன்றியது. ராக் சங்கீதத்தில் நம் கர்நாடக சங்கீதத்தின் கமகத்தையும் செண்டைத் தாளத்தையும் கலந்து பெயர் வாங்கினார்கள். 2008இல் வந்த 'மக்தூப்' என்ற அவர்களுடைய ஆல்பம் இந்திய ராக் சங்கீதத்தில் முக்கியமானது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதில் முன்னால் நின்று பாடியவர் சூரஜ் மணி. அவர் பிறகு அந்தக் கோஷ்டியை விட்டு விலகி, 'தத்வா ட்ரிப்' என்ற புதிய கோஷ்டியை அமைத்துக்கொண்டார். பழைய கோஷ்டி கலைந்துவிடவில்லை. வேறு பாடகரை வைத்துக்கொண்டு அதுவும் நடந்தது. மூத்த பிள்ளை தனிக்குடித்தனம் போன பிறகும் பெரிய வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

"அதெல்லாம் சரி, சண்டை வராம பிரிஞ்சாங்களா?" என்றார் மதினி.

நல்ல கேள்வி. எல்லாரும் அப்படிப் பிரிவதில்லை.

இங்கிலாந்தில் 'பிங்க் ஃபிளாய்ட்' என்று உலகப் பிரசித்தி பெற்ற ஒரு கோஷ்டி. அதில் பெரும்பாலான பாடல்களை எழுதிப் பாடிய ரோஜர் வாட்டர்ஸ் 1985இல் வெளியேறினார். "நான் போனால் அந்தப் பெயரும் போகட்டும், இனி யாரும் பிங்க் ஃபிளாய்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது" என்பது அவருடைய கட்சி. "பெயரை நாங்கள் விடமாட்டோம்" என்பது மற்றவர்களின் கட்சி. விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1987 டிசம்பரில்தான் ராஜியானார்கள். பெயர் மற்றவர்களுக்கு, 'தி வால்' என்ற இசைக் காட்சியை மேடையில் நடத்தும் உரிமை வாட்டர்ஸுக்கு. அவர்கள் கச்சேரியில் தலைக்கு மேலே பறக்குமே ஒரு பன்றிப் பொம்மை, அதுகூட அந்தப் பங்கீட்டில் வந்ததாம். அண்டா யாருக்கு, அம்மிக் குழவி யாருக்கு என்று நாம் சண்டை போடுவதைப் பார்த்து இனி யாரும் சிரிக்க வேண்டாம்!

இன்னொருவர் கதை இதைவிடப் பரிதாபம். 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற லண்டன் கோஷ்டியில் முன்னால் நின்று பாடியவர் ஜான் லைடன். 'ஜானி ராட்டன்' என்ற பட்டப் பெயரில்தான் ஊர் அவரை அறியும். 1978 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுப் பயணத்தின் முடிவில் அந்தக் கோஷ்டி உடைந்தது. அந்தப் பட்டப் பெயர்கூடத் தனக்கே சொந்தம் என்று கோஷ்டியின் நிர்வாகி சொன்னார். லைடன் என்ன செய்தார்? பெற்றோர் வைத்த பெயரையே எடுத்துக்கொண்டு, அதே வருஷம் 'பப்ளிக் இமேஜ் லிமிடெட்' என்ற புதுக் கோஷ்டியை ஆரம்பித்துவிட்டார். பணத்துக்கும் உரிமைக்கும் அவர் போட்ட வழக்கு 1986இல்தான் தீர்ந்தது. எட்டு வருஷம்! ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் வகுப்புப் படிக்கிற காலம்.

இதைக் கேட்டதும் மதினி வளையலைத் திரும்பவும் முந்தானையில் முடிந்துகொண்டார். "எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைய என்கிட்ட வளையல் இல்லத்தா" என்றார்.

அப்புறம்தான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. சண்டை பெயருக்காக அல்ல. ஒரு பாட்டுக்காக.

அந்தப் பாட்டு எங்கள் அம்மாவைப் பற்றியது. மருமகனுக்கு அப்பத்தா. எங்கள் அம்மா புகையிலைக் காட்டில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வந்து எத்தனை கழுவினாலும் அவர் கையில் அந்தக் கசப்பு போகாது. எங்களுக்குச் சோறு ஊட்ட மாட்டார். தட்டில் போட்டுவிட்டு, நாங்களே எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் நடவு வரப்பிலும் திண்ணையிலும் முணுமுணுத்த சில அடிகளைப் பேரன் நினைவில் வைத்திருந்து, மேலே நாலு வரி சேர்த்துப் பாட்டாக்கியிருந்தான். கிடார்க்காரப் பையன் மெட்டை வளர்த்தான். டிரம்ஸ் பிள்ளை அதற்குப் பறையின் நடையைக் கொண்டுவந்தான். கோஷ்டியின் பெயரில் யூடியூபில் போட்டார்கள். அதுதான் அவர்களுடைய பாடல்களில் நன்றாக ஓடியது.

இப்போது இவன், "என் அப்பத்தா பாட்டு, நான் கொண்டு போவேன்" என்கிறான். அவர்கள், "கோஷ்டிப் பாட்டு, நீ மேடையில் பாடினால் விடமாட்டோம்" என்கிறார்கள். மாசி மாதம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் அவர்களுக்கு ஒரு மேடை. இவனுக்கும் அடுத்த நாள் ஒரு மேடை. வளையல் அதற்குத்தான்.

சகோதரிகளே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பாட்டு ஞாபகம் வந்திருக்கும். 2021 மார்ச் 7ஆம் தேதி யூடியூபில் வந்து உலகமெல்லாம் சுற்றிய 'எஞ்சாயி எஞ்சாமி'யைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைகள் அதற்கு ஆடியிருப்பார்கள். அதை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடிய அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் அப்படி மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கின. அந்த நிலத்து நினைவும் பாட்டியின் பேச்சும் அந்தப் பாட்டில் இருக்கின்றன.

அறிவு அதற்கு முன் பாடிக்கொண்டிருந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டியில். டைரக்டர் பா. ரஞ்சித்தும் 'குரங்கன்' என்ற கோஷ்டியைச் சேர்ந்த டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது அது. 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னாரே, அதிலிருந்து எடுத்த பெயர். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அவர்களுடைய முதல் கச்சேரி. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். கானா என்றால் ஆண்கள் சொத்து என்றிருந்ததை மாற்றிய இசைவாணியும் அதே மேடைதான். 2020இல் பி. பி. சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்தக் கோஷ்டியில் பெயர் பெற்ற பிறகு அறிவு தமக்கென்று 'அம்பாசா' என்ற கோஷ்டியை அமைத்துக்கொண்டார். 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஆல்பம் வெளியிட்டார். பெயரைப் பாருங்கள்! பழைய கோஷ்டியின் பெயரும் இல்லை, புகழ் வாங்கித் தந்த பாட்டின் பெயரும் இல்லை. பாட்டியின் பெயரைப் போட்டுக்கொண்டு புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடமும் நடந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை தன் அட்டையில் பாடகி தீயின் படத்தையும் வேறொரு கலைஞர் படத்தையும் போட்டது. எழுதிய அறிவின் படம் அதில் இல்லை. "பாட்டு எழுதிய பிள்ளை எங்கே?" என்று பலர் கேட்டார்கள். பிறகு அந்தப் பத்திரிகை அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வெளியிட்டது. பாட்டு பலர் கைபட்டுத்தான் உருவாகிறது. ஆனால் யார் கை எது என்று சொல்லாமல் விட்டால் மனம் நோகிறது. படித்தவர்கள், பட்டணத்தில் இருக்கிறவர்கள், ஊரறிந்தவர்கள் விஷயத்திலேயே இப்படி என்றால், எரியோட்டில் தகரக் கொட்டகைக்குள் பாட்டுக் கட்டிய ஐந்து பிள்ளைகள் என்ன எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பாடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் இது உப்புப் புளி மாதிரி தெரிந்திருக்க வேண்டியது.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. அது ஒரு பாட்டை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. சொல் எழுதியவருக்கு ஓர் உரிமை. மெட்டுப் போட்டவருக்கு வேறோர் உரிமை. ஒலிப்பதிவு செய்ய ஏற்பாடு செய்து செலவழித்தவருக்கு அந்தப் பதிவின் மேல் உரிமை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தங்கள் பாட்டிலும் வாசிப்பிலும் ஓர் உரிமை. இரண்டு பேர் பிரிக்க முடியாதபடி சேர்ந்து செய்தால் இரண்டு பேருக்கும் சொந்தம். ரிஜிஸ்தர் செய்யாவிட்டாலும் எழுதின மாத்திரத்தில் உரிமை வந்துவிடும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் நிற்கும். இன்னொருவருக்கு உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் வாய்ப் பேச்சுப் போதாது. எழுதிக் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றையும் விற்றுவிட்டாலும் 'இது நான் எழுதியது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் எழுதியவரை விட்டுப் போகாது.

"அப்படியானால் யூடியூபில் யார் போட்டார்களோ அவர்களுக்கே சொந்தம் என்பது?" என்று கேட்டேன்.

"கொட்டிலில் கட்டினவனுக்கே மாடு சொந்தம் என்கிற கதைதான்" என்றார் சித்தப்பா.

அதோடு விடவில்லை அவர். "சட்டம் தெரிந்தால் போதாதம்மா. 2017இல் என்ன நடந்தது? எஸ். பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று, அனுமதி இல்லாமல் தம் பாடல்களைப் பாடக் கூடாது என்று. எஸ். பி. பி. அந்தப் பாடல்களை நிறுத்தினார். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. உரிமை யாருக்கு என்று கேட்டால் இசையமைத்தவருக்கும் உண்டு. உயிர் கொடுத்தவர் யார் என்றால் பாடினவரும்தான். கடைசியில் என்ன? 2019 ஜூனில் சென்னையில் இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த வருஷம் செப்டம்பரில் பாலு போய்விட்டார். அந்த ஒரு சாயங்காலம் நடக்காமல் போயிருந்தால் யாருக்கு நஷ்டம்?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடேயே வந்தது.

மறுநாள் மதினியிடம் போய்ச் சொன்னேன்: "மதினி, வளையலை அடகு வைக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம். மொதல்ல ஒரு காரியம். வர்ற ஞாயிற்றுக்கிழமை பழையபடி அஞ்சு பேருக்கும் சேர்த்துச் சமைங்க."

"வருவாங்களா?"

"கோஷ்டியை விட்டுத்தான் இவன் விலகியிருக்கான். உங்க அடுப்பை விட்டு அவங்க விலகலையே?"

அப்போதுதான் மதினி அழுதார். நல்ல அழுகை. அன்று வரை மகன் எதிர்காலத்துக்காக அழுகிறார் என்று நினைத்திருந்தேன். "அந்தத் தாயில்லாப் பிள்ளை இந்த ரெண்டு மாசமா எங்க சாப்பிடுதோ? தெருவுல பாத்தா சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போகுது" என்றார். மகன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எல்லாரும் வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். தொடர்கதையாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன். கீபோர்டுக்காரப் பையன் வரவில்லை. மற்ற மூன்று பேரும் வந்தார்கள். முதல் அரைமணி நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூட யாரும் சொல்லவில்லை. டிரம்ஸ் பிள்ளை மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், சமையற்கட்டுக்குள் போய் அவன் இடத்தில் உட்கார்ந்தான். மதினி ஒன்றும் பேசாமல் மணையை இழுத்துப் போட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் நடுவில் வைத்தேன். "சண்டையை மேடையில வச்சுக்காதீங்க. இங்கேயே எழுதுங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் சொல் யார், மெட்டு யார், தாளம் யார், பதிவுக்குப் பணம் போட்டது யார்" என்றேன்.

பதினொரு பாட்டுகள். ஏழு பாட்டுகளில் தகராறே இல்லை. மூன்றில் கொஞ்சம் குரல் உயர்ந்தது. கிடார்க்காரன், "இந்த இடத்துல நான்தானே திருப்புனேன்?" என்று கேட்டபோது மருமகன் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீதான்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பையன் இரண்டு மாதம் காத்திருந்தான் போலிருக்கிறது. அதன் பிறகு அவன் குரல் உயரவே இல்லை.

கடைசியாக அப்பத்தா பாட்டு. மெட்டுக்கு இரண்டு பேர் பெயர். தாளத்துக்கு டிரம்ஸ் பிள்ளை பெயர். பதிவுக்கு ஐந்து பேர் பெயரும், வராதவன் பெயர் உட்பட. சொல் யார் என்ற இடத்தில் மருமகன் தன் பெயரை எழுதப் போனான். பேனா நின்றது. என்னைப் பார்த்தான்.

"மொத நாலு வரி அப்பத்தா சொன்னது அத்தே" என்றான்.

"அப்ப அப்படியே எழுது" என்றேன்.

எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கடையிலும் பாங்கியிலும் கட்டை விரல்தான். அவர் பெயர் ஓர் எழுத்தாளர் இருக்க வேண்டிய இடத்தில் எழுதப்பட்டதை அன்று நான் பார்த்தேன். அதற்கு மேல் அந்த இடத்தில் நிற்க முடியாமல், வெற்றிலை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

ஏற்பாடு இதுதான்: அந்தப் பாட்டை இரண்டு கோஷ்டிகளும் பாடலாம். எங்கே பாடினாலும் எல்லார் பெயரையும் சொல்ல வேண்டும். யூடியூபில் வரும் காசை எழுதியபடி பங்கு போட வேண்டும். பழைய பெயர் பழையவர்களுக்கு. மருமகன் புதுப் பெயர் வைத்துக்கொள்வான். நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். வராத பையன் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டிரம்ஸ் பிள்ளை போனான். மூன்று நாள் கழித்து அதிலும் கையெழுத்து வந்தது.

அப்படியானால் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. மருமகன் புதுக் கோஷ்டிதான் நடத்துகிறான். பிரிய வேண்டியவர்கள் பிரியத்தான் வேண்டும். ஒரே கூரையின் கீழ் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதைவிட, இரண்டு கூரையின் கீழ் இருந்து பண்டிகைக்குப் பலகாரம் அனுப்பிக்கொள்வது மேல். இது மாமியார்களும் மருமகள்களும் எத்தனையோ தலைமுறையாகக் கண்ட உண்மை. ராக் கோஷ்டிக்காரர்கள் இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

வளையலா? மதினி கையில்தான் இருக்கிறது. மாசித் திருவிழாவுக்குப் பழைய கோஷ்டி, தங்கள் பாக்ஸையும் மைக்கையும் அடுத்த நாள் இவனுக்கு இரவல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனையாம்: ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தொடர வேண்டும். பிங்க் ஃபிளாய்ட் வக்கீல்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

நீங்கள் இதிலிருந்து ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளை சிநேகிதர்களோடு சேர்ந்து பாட்டோ, கடையோ, நாடகமோ எதை ஆரம்பித்தாலும், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எது யார் செய்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் அது வக்கீல் நோட்டீஸ். சண்டைக்கு முன் எழுதினால் அது வீட்டுக் கணக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அங்கேதான் சாப்பாடு. மருமகன் புதுப் பாட்டு ஒன்று பாடிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். சத்தம் தாங்கவில்லையென்றால் உங்களுக்கு எழுதுகிறேன்.